குமரியில் மக்கள் நலப் புத்தாக்க மையம் தொடங்குவது எப்படி? கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் மாணவர்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு கடற்கரை ஊருக்குச் சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போனேன். கையில் 62 கேள்விகள் கொண்ட படிவம். நேரம் காலை 11 மணி. ஆண்கள் கடலில் இருந்தார்கள். பெண்களில் பாதிப் பேர் மீன் பெட்டியோடு சந்தைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைகள் அப்பாவின் பிரஷர், அம்மாவின் வயது என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல, எங்கள் மாணவர்கள் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "போன வருசமும் வேற காலேஜ் பிள்ளைய வந்து இதத்தான் கேட்டுதுவ. அந்தப் பேப்பரெல்லாம் எங்க மக்களே?"

பதில் இல்லை. எங்கள் படிவங்களும் அப்புறம் துறை அலமாரியில்தான் போய்ச் சேர்ந்தன.

கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சமூக மருத்துவம், சமூகப்பணி, செவிலியம், நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டு, "நம் மாவட்டத்து மக்களின் உடல்நலத்துக்கு நிலையாக ஏதாவது செய்ய வேண்டும்" என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மையம் என்றால் என்ன?

சமூகப் புத்தாக்கம் என்றதும் பலருக்கு ஒரு செயலியோ கருவியோ ஞாபகம் வருகிறது. அது இல்லை. உடல்நலப் பிரச்சினை ஒன்றுக்கு, அதை அனுபவிக்கிற மக்களே சேர்ந்து கண்டுபிடிக்கும் புதிய ஏற்பாடுதான் இது. மருந்து பழையதாகவே இருக்கலாம். அது யார் கையால், எந்த நேரத்தில், எந்த வழியில் போய்ச் சேருகிறது என்பது மாறியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கான சிறப்புத் திட்டமும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2014ல் இதற்கென்றே ஒரு முன்முயற்சியைத் தொடங்கின. உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகம், மணிலாவில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம், மலாவியின் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் இதன் மையங்கள் உருவாயின. இந்த மையங்களின் முக்கியமான வேலை புதிதாகக் கண்டுபிடிப்பது அல்ல. ஊரில் ஏற்கெனவே நடப்பதைத் தேடி எடுப்பது, அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று ஆராய்வது, பலன் தந்தால் அரசின் காதில் போடுவது, இவ்வளவுதான். நான் சொல்ல வருவதும் இதைத்தான்: உங்கள் மையத்தின் முதல் வருடத்தில் எதையும் கண்டுபிடிக்காதீர்கள்.

இது நமக்கு அந்நியமும் இல்லை. நெய்யூரில் 1838ல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. ஒரே இடத்தில் பெரிய கட்டடம் கட்டியதோடு நிற்காமல் தென் திருவிதாங்கூர் முழுக்கக் கிளை மருத்துவமனைகளை அது வைத்தது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அங்கேதான் அறுவை மருத்துவராக இருந்தார் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மலப்புறத்திலும் கோழிக்கோட்டிலும் 2000 வாக்கில் வளர்ந்த அக்கம்பக்க வலிதணிப்புச் சிகிச்சை வலையமைப்பு இன்னொரு உதாரணம். படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க டாக்டருக்கு முன்னால் பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் போவார்.

படி 1: ஆட்களைச் சேருங்கள், கட்டடம் வேண்டாம்

ஓர் அறை, ஒரு பீரோ, ஒரு போன் எண் போதும். திறப்பு விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு களப்பணியாளருக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

குழுவில் கட்டாயம் ஒரு மருத்துவர் வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடு புரிந்துணர்வு ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இருந்து ஒரு சமூகப்பணி ஆசிரியர், புள்ளியியல் தெரிந்த ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். கடைசியாகச் சொன்னவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தணிக்கை வரும்போது அவர்தான் கடவுள்.

அப்புறம், மாணவர்கள் வருவார்கள், போவார்கள். மூன்று வருடம் அசையாமல் இருக்கும் ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. அவர் உள்ளூர்க்காரராக, மேற்குப் பகுதியில் வேலை என்றால் மலையாளமும் தெரிந்தவராக இருக்க வேண்டும். விளவங்கோடு பக்கம் நோயைப் பற்றிப் பேசும்போது பலர் பாதியில் மலையாளத்துக்கு மாறிவிடுவார்கள்.

குழுவின் மேலே ஒரு வழிகாட்டும் குழு. அதில் பாதிப் பேர் கல்லூரிக்கு வெளியே இருந்து வரட்டும்: கிராம சுகாதார செவிலியர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஒருவர், மீனவர் ஒருவர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். இவர்களுக்குப் பயணப்படியும் ஒரு நாள் கூலியும் கொடுங்கள். பேராசிரியருக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தால் சம்பளம் உண்டு. அவர்களுக்கு உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு.

படி 2: அனுமதிகள்

சலிப்பான பகுதிதான். ஆனால் இதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவர்கள் பாதி வழியில் நின்றிருக்கிறார்கள்.

மாவட்ட சுகாதார அலுவலரிடம் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், கடிதம் பிறகு. ஆய்வு என்ற சொல் உள்ளே வந்தாலே கோப்பு சென்னையில் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம் வரை போகலாம், அதற்கு மாதங்களை ஒதுக்கி வையுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் தகவல் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைக் குழுவில் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல், கூடவே அந்தப் பிள்ளையின் சம்மதமும்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி தனி. கடற்கரையில் நடைமுறையில் முக்கியமான அனுமதி பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும்தான். இதில் ஒரு நுணுக்கம்: தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்துப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கோட்டாறு ஆயர் இல்லத்தில் வாங்கிய கடிதத்தை அங்கே நீட்டினால் சிரிப்பார்கள். நான் நீட்டியிருக்கிறேன்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் திட்டம் இருந்தால் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016 முகாம்களுக்கும் பொருந்தும். ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊசியைப் போட்டு மூடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

படி 3: மூன்று இடம், மூன்று நேரம்

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 18,70,374 பேர். எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே அதிகம். படித்த மாவட்டம், ஆஸ்பத்திரிகள் நிறைந்த மாவட்டம், இங்கே என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. குறை தூரத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. துணை சுகாதார நிலையம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் அது திறந்திருக்கும்போது மனிதர் வேறெங்கோ இருப்பார்.

மூன்று வகை இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடற்கரை: தூத்தூர் பகுதியினர் ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். இரண்டு, குலசேகரம், திருவட்டார் பக்கத்து ரப்பர் பகுதி: பால்வெட்டு இருட்டோடு தொடங்கிவிடும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர் பால் எடுத்து ஷீட் அடித்து வீடு வர மதியம் ஆகிவிடும். காலை 10 மணி முகாம் அவருக்கு இல்லை. மூன்று, முந்திரி ஆலைகள் உள்ள ஊர்கள், ஊர் வழக்கில் அண்டி ஆபீஸ். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும் பெண்கள், முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கருத்துப்போன கைகள்.

கடற்கரைக் கணக்கெடுப்பை மேற்குக் கடல் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை வைத்தால் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் கிடைப்பார்கள். மழை இருக்கும், குடை கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். குமரியில் கிராம ஊராட்சிகள் 95தான். பேரூராட்சிகள் 50க்கு மேல். வயலும் தோப்புமாகப் பார்க்கக் கிராமம் போலவே இருக்கும் இடம் ஆவணத்தில் பேரூராட்சியாக இருக்கும். கிராமப்புற வேலை உறுதித் திட்டம் அங்கே கிடையாது. கிராமத் தத்தெடுப்புத் திட்டங்களின் பட்டியலிலும் அப்படிப்பட்ட ஊர்கள் விடுபட்டுப் போகின்றன. கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் வழியாகக் கல்லூரி 5 கிராமங்களை எடுத்திருக்கலாம். மையத்துக்கு அந்தப் பட்டியலோடு நிற்காதீர்கள்.

படி 4: கேட்பது

படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முதல் மூன்று மாதம் ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் யாரிடம் போவீர்கள்?"

பதிலில் ஆஸ்பத்திரி பெயர் இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது ஒரு மனிதரின் பெயர். எங்களுக்குக் கிடைத்தவர்களில் ஓர் ஆட்டோக்காரர் இருந்தார். டயாலிசிஸுக்குப் போகும் மூன்று பேரை வாரம் இரண்டு முறை ஒரே சவாரியாக ஏற்றிப்போய்க் காத்திருந்து கூட்டி வருவார். வாடகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள், இது அவர்களுக்குள்ளேயே ஏற்பட்ட ஏற்பாடு. ஓர் அன்பியத் தலைவி (அன்பியம் என்பது பங்குக்குள் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) தன் பகுதியில் தனியாக இருக்கும் முதியவர்களின் மாத்திரை அட்டைகளை வாங்கி வைத்து, சாயங்கால ஜெபத்துக்குப் போகும்போது கொடுப்பார். பிள்ளைகள் வளைகுடாவில், பெரியவர்கள் பெரிய வீட்டில் தனியாக. நம் மாவட்டத்தில் இது புதுக் கதையா? அண்டி ஆபீஸ் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். எந்த முறை தோலைக் காக்கிறது, எது காக்கவில்லை என்று அவர்களுக்குள் ஒரு நீண்ட விவாதமே உண்டு. உட்கார்ந்து கேளுங்கள்.

சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'மேலு வலி', 'இளைப்பு', 'தீனம்', 'வாயு' என்று அவர்கள் சொல்வதை மருத்துவச் சொல்லாக மாற்றும் அவசரம் வேண்டாம். 'உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா' என்று கேட்டு 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்த மாணவி ஒருவர் இருந்தார். அதே வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு பேர்.

சாப்பாட்டைப் பற்றி அறிவுரை சொல்லும் அட்டைகள் எங்கிருந்தோ அச்சாகி வருகின்றன, இரவில் இரண்டு சப்பாத்தி என்று. இங்கே மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளை மீனும் பழஞ்சோறும் அக்கானியும் (பதநீர்) இல்லாமல் உணவைப் பற்றி என்ன பேச முடியும்? மரச்சீனியை முழுக்க நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு, எதனோடு என்று பேசினால் கேட்பார்கள்.

வர்ம வைத்தியம் செய்யும் ஆசான்மார்களும் உங்கள் பட்டியலில் வருவார்கள், வர வேண்டும். அவர்களிடம் மரியாதையோடு பேசுங்கள், யார் எதற்கு அங்கே போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் குணமாகிறது என்ற வாக்குறுதிகளுக்கு மையத்தின் பெயரை இரவல் கொடுக்காதீர்கள். சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

படி 5: ஊரெல்லாம் யோசனை கேட்கும் போட்டி

மேலே சொன்ன உலக முன்முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு பிரச்சினையைச் சொல்லி, தீர்வு என்ன என்று பொதுமக்களிடமே திறந்த அழைப்பு விடுவது. 2018ல் இதற்கு ஒரு நடைமுறைக் கையேடும் வெளியானது. நம் ஊருக்கு ஏற்றபடி இப்படிச் செய்யலாம்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். "நோயற்ற குமரி" என்று தலைப்பு வைத்தால் கட்டுரைப் போட்டி ஆகிவிடும், பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தள்ளுவார்கள். "வீட்டில் இல்லாத நேரத்திலும் பிரஷர் மாத்திரை தவறாமல் போட என்ன வழி?" என்று கேளுங்கள். அல்லது, "மழைக்காலத்தில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு பெருகாமல் இருக்க என்ன வழி?" ஏடிஸ் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே தாராளம், ஒரு தோட்டத்தில் எத்தனை சிரட்டை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் சிரட்டையை யார் கவிழ்ப்பது, அதற்குக் கூலி யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தோட்டத்தில் நிற்பவரிடம்தான் இருக்கும்.

எழுதச் சொல்லாதீர்கள். மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு போதும், தமிழோ மலையாளமோ. போன் இல்லாதவர்களிடம் மாணவர்கள் போய்ப் பதிவு செய்யட்டும். அறிவிப்பைக் கல்லூரிச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. மீன் ஏலக்கூடம், ரப்பர் ஷீட் எடுக்கும் கடை, ரேஷன் கடை, ஞாயிறு பூசைக்குப் பின் வாசிக்கும் அறிவிப்பு, கோவில் ஒலிபெருக்கி, ஜமாத், இவைதான் வழி. மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் சமயங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் யாரும் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

நடுவர்களுக்குப் பெயரும் ஊரும் தெரியாமல் பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக 10க்கு மதிப்பெண் போடட்டும். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: இது புதிதா, இந்த ஊரில் நடக்குமா, மிகவும் ஏழையான வீட்டுக்கும் போய்ச் சேருமா. நடுவர்களில் பாதிப் பேர் படிவம் நிரப்பப் பழகாதவர்களாக இருக்கட்டும்.

பரிசைப் பெரிதாக்காதீர்கள். முதல் பரிசு ஐம்பதாயிரம் என்று வைத்த ஓரிடத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்த கதை எனக்குத் தெரியும். வந்த எல்லோருக்கும் ஒரு சின்னப் பொருள், தேர்வானவர்களுக்கு அதைச் செய்து பார்க்கும் செலவு, இதுதான் சரி.

படி 6: ஒன்றே ஒன்றைச் செய்து பாருங்கள்

நூறு யோசனை வந்தாலும் முதல் வருடம் ஒன்று. எப்படி வடிவமைப்பது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனைதான், ஆனால் கடற்கரையில் அடிக்கடி காதில் விழும் பேச்சில் இருந்து எடுத்தது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர் வரும்போது மனிதர் அரபிக்கடலில் இருந்தால்? மனைவி வாங்கி வைப்பார். அவர் திரும்பும் வரை மாத்திரை பெட்டியில் தூங்கும். 40 நாள் தங்கலுக்குப் போகிறவருக்கு 30 நாள் மாத்திரை இருந்தாலும் பற்றாது.

யோசனை: படகு கிளம்பும் முன் பனிக்கட்டி, டீசல், அரிசி ஏற்றும் பட்டியலில் மாத்திரையையும் ஒரு வரியாகச் சேர்ப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு நீர்புகாப் பொட்டலம். அதற்குப் பொறுப்பு படகில் சமையல் பார்ப்பவர், ஏனென்றால் மூன்று வேளையும் எல்லோர் முகத்தையும் பார்ப்பவர் அவர்தான்.

இனி இதை உடைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை நாளுக்கு மருந்து தரலாம் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்தான் முடிவு செய்வார். மையம் ஒரு மாத்திரையைக்கூடக் கையால் தொடக் கூடாது. மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் போட்டால் கடல் ஈரத்தில் கெடும், அட்டையோடுதான் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் விஷயம் சிக்கலாகும். படகில்தான் பனிக்கட்டி இருக்கிறதே என்று அதன் மேலேயே வைத்துவிட்டால் மருந்து உறைந்து வீணாகிவிடும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக் கூடாது. அப்படிப்பட்டவர் இத்தனை நாள் கடலில் இருக்கலாமா என்பதே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. பிறகு, தன் நோய் மற்றவர்களுக்குத் தெரிந்தால் அடுத்த தங்கலுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். இதை எந்தப் பேராசிரியரும் யோசிக்க மாட்டார், ஒரு மீனவர்தான் சொல்வார். அதனால் பொட்டலத்தின் மேல் பெயரா, எண்ணா, அடையாளமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டு மூன்று படகில் ஒரு நடை. திரும்பி வந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும். கெட்டுப்போனது எது, மறந்தது எது, எரிச்சலூட்டியது எது. மாற்றிக்கொண்டு அடுத்த நடை. இரண்டு நடை தோற்றால் விட்டுவிட்டு அடுத்த யோசனைக்குப் போங்கள். தோற்றதையும் எழுதி வையுங்கள்.

படி 7: எதை எண்ணுவது?

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை துண்டுப் பிரசுரம் அச்சடித்தோம் என்று எண்ணுவது கல்லூரிகளின் பரம்பரை வியாதி.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980களில் வீடு வீடாகப் போய் வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். போன வீடுகள் ஒரு கோடிக்கு மேல். கற்றுக்கொடுத்த பெண்களுக்கு எத்தனை வீடு போனார்கள் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய்ப் பார்ப்பார், தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் கூலி. அவர்கள் கற்பிக்கும் விதமே அதனால் மாறிப்போனது.

படகு உதாரணத்தில் எண்ண வேண்டியது இரண்டு: திரும்பி வந்த அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரை, இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர். பொட்டலம் எடுத்துப் போகாத படகுகளிலும் இதே இரண்டையும் பாருங்கள், ஒப்பிட வேறு வழி இல்லை. சமையல்காரர் மேல் எவ்வளவு கூடுதல் பாரம் விழுந்தது என்பதையும் கேட்டுக் குறியுங்கள். ஒருவரின் இலவச உழைப்பின் மேல் நிற்கும் ஏற்பாடு ஆறு மாதம் தாங்காது.

படி 8: யோசனை யாருடையது?

தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டிய விஷயம் இது, ஆனால் எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

அகத்தியமலைப் பக்கத்தில் 1987ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி மக்கள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றபடி நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் உள்ள ஆய்வு நிறுவனம் அதில் இருந்து ஒரு மருந்தை உருவாக்கி, 1995ல் உரிமத்தை 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமைத்தொகைக்கும் கொடுத்தது. வருமானத்தில் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு. உலகமே பாராட்டிய பங்கீடு. ஆனாலும் எங்களிடம் கேட்கவே இல்லையே என்று சில குடியிருப்புகளில் மனத்தாங்கல் எழுந்தது. அறிவு பல ஊர்களுக்குச் சொந்தம், பேச்சு சில பேரோடு மட்டும் நடந்தது என்பதுதான் சிக்கல்.

அதனால் அழைப்பு விடும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். யோசனை சொன்னவர் பெயர் எல்லா அறிக்கையிலும் வரும், அவர் வேண்டாம் என்றால் வராது. கட்டுரை வெளியானால் அவரும் ஆசிரியர்களில் ஒருவர். பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதும் முன்கூட்டியே. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், நோயாளியின் முகம் கல்லூரி ஆண்டறிக்கை அட்டையில் வரக் கூடாது.

பணம்

முதல் வருடம் கல்லூரிக் கணக்கிலேயே தனித் தலைப்பில் நடத்துங்கள். தனிச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யும் அவசரம் வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு வருடம் 120 மணி நேரப் பணி இருக்கிறது, அதில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கேட்டால் கிடைக்கும், ஆனால் கருவி வாங்கிக் கொடுக்கவே அவர்களுக்கு ஆசை, சம்பளம் கொடுக்கத் தயங்குவார்கள். இலவசமாக வந்த பத்து இயந்திரங்களை வாங்கி வைத்து, அவற்றுக்காகப் பிரச்சினை தேடிய மையம் ஒன்றை அறிவேன்.

செலவில் பெரும் பங்கு ஒருங்கிணைப்பாளரின் சம்பளம், பிறகு பயணம், அப்புறம் தேநீர். தேநீரைக் கணக்கில் எழுத வெட்கப்பட வேண்டாம்.

முதல் வருடக் காலண்டர்

ஜனவரி முதல் மே வரை ஆட்கள், அனுமதிகள், நெறிமுறைக் குழு. ஜூன், ஜூலை கடற்கரையில் கேட்பது. ரப்பர் பகுதியிலும் அண்டி ஆபீஸ் ஊர்களிலும் ஆகஸ்டு மாதம், எப்போதும் பிற்பகலில். ஓணம் வாரத்தை விட்டுவிடுங்கள்.

செப்டம்பரில் கேட்டதைத் தொகுத்து, ஒரே ஒரு சார்ட் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே வாசியுங்கள். பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினர் மூலம் பகுதி சபையில் பேச முடியுமா என்று பாருங்கள். நான் முதலில் சொன்ன ஊரில் இதை எட்டு மாதம் தாமதமாகச் செய்தோம். தாளைப் படித்துப் பார்த்த ஒருவர் எங்கள் கணக்கில் இரண்டு தவறு கண்டுபிடித்தார், இரண்டும் சரியான திருத்தங்கள்.

அக்டோபர் பாதியில் யோசனை அழைப்பு, நவம்பர் நடுவில் முடிவு, சவேரியார் திருவிழாக் கொடியேறும் முன். டிசம்பரில் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். தேர்ந்தெடுத்த ஒரே யோசனையின் முதல் நடை ஜனவரியில் கிளம்பட்டும். மே மாதத்துக்குள் இரண்டு மூன்று நடை முடிந்துவிடும், ஜூன் 1 தடை வந்ததும் படகுகள் கரைக்கு வரும், எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்து அட்டைகளை எண்ணலாம்.